கைமாறிய மனையும் கொடுபடாக் கூலியும்

தையற்காரன் ஒருவன் தான் தைத்த உடைக்குக் கூலி கொடுக்கப்படாதவிடத்து அவ்வுடையைத் தன் கடையிலேயே வைத்துக்கொள்ளலாம். பொற்கொல்லனும் தான் செப்பனிட்ட பதக்கத்தைக் கூலி கைக்கு வரும்வரை விடாதிருக்கலாம். பிறர் பொருளின்மேல் உழைத்தவன், அவ்வுழைப்புக்குரிய ஊதியம் பெறும்வரை, அப்பொருளைப் பற்றிக்கொண்டிருக்கும் இவ்வுரிமையைச் சட்டநூலார் பற்றுரிமை என்பர். ஆங்கிலச் சட்டத்தில் இது லீன் என்னும் பெயரால் வழங்குகின்றது. கட்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேர்ச்சொல்லிலிருந்து பிரெஞ்சு மொழிவழியாக வந்தது அச்சொல்.

சுவரெழுப்பிய கொத்தனுடைய நிலை வேறு. அவன் உழைப்பு பிறனுடைய நிலத்தில் ஊன்றிவிட்டது. கல்லும் சுண்ணமும் மரமும் ஓடும் நிலத்தோடு ஒன்றியவுடன் நிலத்தின் பகுதியாகி நிலத்துக்குரியவனைச் சேரும் என்பது உரோமர் வகுத்த விதி. ஆங்கிலேயரும் இதனைத் தம்முடையதாக ஏற்றுக்கொண்டனர். மாலையில் கரண்டியையும் தூக்குநூலையும் எடுத்துக்கொண்டு வீடு திரும்பும் கொத்தன் சுவரைத் தன்னுடன் எடுத்துச் செல்ல இயலாது. எனவே தையற்காரனுக்குள்ள பிடி அவனுக்கு இல்லை. அவனுக்கு எஞ்சுவது தன்னை வேலைக்கு அமர்த்தியவன்மேல் வழக்குத் தொடுக்கும் உரிமை ஒன்றே.

அமர்த்தியவனே மனைக்கு உடையவனாய் இருக்கும்வரை அவ்வுரிமை ஓரளவு பயன்படும்; தீர்ப்புப் பெற்றால் மனையைத் தடைப்படுத்தலாம். மனை கைமாறியபின் என் செய்வது? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு முழுமையான விடை தேடியவர்கள் ஐக்கிய அமெரிக்க நாட்டினர். ஆதலின் அந்நாட்டுச் சட்டத்தை முதலிலும், நம் நாட்டுச் சட்டத்தை இறுதியிலும் நோக்குவாம்.

முதற்கண் ஓர் உதாரணம் காண்போம். கலிபோர்னியா மாநிலத்தில் வீட்டுடையான் ஒருவன் கூரை வேய்வோன் ஒருவனை அமர்த்தி, 12,000 டொலருக்குப் புதுக்கூரை இடுவிக்கிறான் எனக் கொள்வோம். வேலை முடிந்தது. 'பணம் அடுத்த கிழமை' என்றான் வீட்டுடையான். அக்கிழமை வருமுன்னரே வீட்டை விற்று, விலைப்பணத்தையும் பெற்று, வேற்றூர் ஏகிவிட்டான். புதிதாக வந்தவனோ புதுக்கூரை கண்டு மகிழ்ந்து அதற்கேற்ற விலையும் கொடுத்தே வாங்கியிருக்கிறான். கூரைக்குரிய பணம் கொடுபடவில்லை என்பதை அவன் அறியான்.

இங்கே மூவர் உளர். விற்றவன் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. வீட்டை விற்றதனால் அவனுடைய கடன் அழிவதுமில்லை. எங்கே சென்றாலும் அவனே கடனாளி. ஆனால் அவன் வறியவனாகியோ மறைந்தோ போய்விட்டால், எஞ்சும் இருவரும் குற்றமற்றவர்கள். ஒருவன் உழைப்பைக் கொடுத்தவன். மற்றவன் விலையைக் கொடுத்தவன். 12,000 டொலர் நட்டத்தை இவர்களுள் யார் சுமப்பது? இரு தரத்தாரிடத்தும் நியாயம் உண்டு. சட்டம் இருவரையும் திருப்திசெய்ய இயலாது. ஒருவரைத் தெரிந்தே ஆகவேண்டும். அங்ஙனம் தெரியுமிடத்துச் சட்டம் கேட்கும் வினா ஒன்று உண்டு: 'உன் உரிமையை உலகுக்கு அறிவித்தாயா? எப்பொழுது அறிவித்தாய்?' கடன் எவ்வளவு நியாயமானது என்பது அதற்குப் பின்னரே எழும். பற்றுரிமைச் சட்டங்களின் சிக்கல்கள் யாவும் இவ்வினாவைச் சுற்றியே அமைந்துள்ளன என்பது எம் கருத்து.

கட்டடத்துக்காகச் செலவிட்டவனுக்குக் கட்டடத்தின்மீதே உரிமை கொடுத்தல் முற்றிலும் புதிய எண்ணமன்று. உரோமப் பேரரசன் மார்க்கஸ் ஒளரேலியஸ் காலத்திலே, இடிந்த கட்டடத்தை மீளக் கட்டுதற்குக் கடன் கொடுத்தவனுக்கு, ஒப்பந்தம் எழுதாவிடினும் அக்கட்டடம் தானாகவே ஈடாகும் என மூதவை விதித்தது. பாழ்மனைகள் மிகுந்தால் நகரின் எழில் குன்றும் என அஞ்சிய அரசு, மனை எழுப்பப் பணம் உதவுவோரை ஊக்க முயன்றது.

அதே தேவை 1791ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் தோன்றிற்று. விடுதலை பெற்ற புதிய நாடு தனக்கெனத் தலைநகர் ஒன்றை பொட்டோமாக் ஆற்றங்கரையில் அமைக்கத் தொடங்கியிருந்தது. நிலம் இருந்தது; வரைபடம் இருந்தது; கட்டுவோரும் முதலும் அரிதாயிருந்தன. வெற்று வெளியில் வீடு எழுப்ப முன்வரும் கட்டடக் கலைஞன் பணம் கிடைக்கும் என்று எதனை நம்புவான்? அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில் தோமஸ் ஜெபர்சனும் ஜேம்ஸ் மடிசனும் நகர அமைப்புக்குப் பொறுப்பாயிருந்த ஆணையாளர் மூவரையும் ஜோர்ஜ்டவுணிற் சந்தித்தனர். நகருக்கு வாஷிங்டன் என்னும் பெயர் இடப்பட்டது அச்சந்திப்பிலேயே. அக்காலத்தில் அந்நிலப்பகுதியின் சட்டம் மேரிலாந்து மாநிலச் சட்டமாதலின், 1791 டிசம்பரில் மேரிலாந்துச் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டமொன்று புதுநகரில் வீடு கட்டுவோருக்கு அவ்வீட்டின்மீதும் அதன் நிலத்தின்மீதும் பற்றுரிமை வழங்கிற்று. ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும், அது பதிவேட்டிற் பதியப்படல் வேண்டும் என்னும் இரு நிபந்தனைகளும் அப்பொழுதே சேர்க்கப்பட்டன. உரிமையும் அறிவிப்பும் ஒரே நாளிற் பிறந்த இரட்டையர் எனலாம்.

1803இல் பென்சில்வேனியா அவ்வழி சென்றது. காலப்போக்கில் எல்லா மாநிலங்களும் இத்தகைய சட்டங்களை இயற்றின. கலிபோர்னியாவோ 1879ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே இவ்வுரிமையைப் பொறித்துவைத்தது. ஆதலின் அங்குச் சட்டமன்றம் இவ்வுரிமையை ஒழுங்குபடுத்தலாமே தவிர ஒழித்துவிட முடியாது. இச்சட்டங்களை ஆங்கிலத்தில் 'மெக்கானிக்ஸ் லீன்' என்பர். மெக்கானிக் என்றதும் இக்காலத்து மாணவன் மோட்டார் வண்டி திருத்துவோனை நினைப்பான். பதினெட்டாம் நூற்றாண்டில் அச்சொல் கைத்தொழிலாளர் யாவரையும் குறித்தது. தச்சரும் கொத்தரும் கொல்லரும் அதனுள் அடங்குவர்.

இவ்வுரிமையின் இயல்பு யாது? தையற்காரனுடைய பற்றுரிமை பொருளைக் கையில் வைத்திருப்பதில் தங்கியது. கைவிட்டால் உரிமையும் போம். கட்டடத் தொழிலாளிக்கு அமெரிக்கச் சட்டம் வழங்கியதோ, கையில் எதுவும் இன்றியே நிலத்தைப் பற்றி நிற்கும் உரிமை. இயல்பில் அது ஈட்டை ஒத்தது. ஈடு வைக்கப்பட்ட காணியை எவர் வாங்கினும் ஈடும் காணியுடன் செல்வதுபோல, பற்றுரிமையும் நிலத்துடன் செல்லும். ஈட்டுக்குக் காணிக்காரனின் சம்மதம் வேண்டும். இதற்கு அச்சம்மதமும் வேண்டியதில்லை. சட்டமே அதனைத் தருகின்றது.

இங்கே கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. வீட்டை வாங்கியவன் கூரைக்காரனுக்குக் கடன்பட்டவன் ஆவதில்லை. அவனுடைய வங்கிப் பணத்தையோ வேறு காணிகளையோ கூரைக்காரன் தீண்ட முடியாது. அவன் வாங்கிய வீடு மட்டுமே பொறுப்பேற்கும். நீதிமன்றம் அவ்வீட்டை விற்கக் கட்டளையிட்டு, விலைப்பணத்திலிருந்து கூலியைக் கொடுப்பிக்கலாம். வீட்டை இழக்க விரும்பாதவன் தானே அத்தொகையைக் கொடுத்துவிடுவான். ஆள் கடன்படவில்லை, மனை கடன்பட்டது என்று இதனைச் சுருங்கச் சொல்லலாம்.

எத்தகைய தொழிலுக்கு இவ்வுரிமை உண்டு என்பதும் அறியத்தக்கது. நிலத்துக்கு நிலையான மேம்பாடு செய்த தொழிலுக்கே அது பொதுவாக உரியது. கூரை வேய்தல், நீர்க்குழாய் பொருத்தல், மின்கம்பி இழுத்தல், சுவருக்கு வர்ணம் பூசுதல் ஆகியவை அடங்கும். புல் வெட்டுதலும் வீடு கூட்டித் துடைத்தலும் காவல் காத்தலும் பெரும்பாலும் அடங்கா. கிழமைதோறும் புல்வெட்டியவனுடைய கூலியும் கூலியே. அவன் வியர்வையும் வியர்வையே. எனினும் அவன் வெட்டிய புல் மீண்டும் முளைத்துவிடுகிறது. விற்பனை விலையில் அவன் உழைப்பின் அடையாளம் எதுவும் நில்லாது. கூரையோ விலைக்குள் நுழைந்துவிட்டது. விற்றவன் பெற்ற பணத்தில் ஒரு பகுதி கூரைக்காரனின் உழைப்பே என்று காட்டக்கூடிய இடத்திலேதான் நிலத்தைப் பற்றும் உரிமை நியாயமாகின்றது. கூட்டித் துடைத்தவன் கூலியை இழக்கும்போது இந்த வேறுபாடு அவனுக்கு ஆறுதல் தராது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

இனி நம் கூரைக்காரனிடம் மீள்வோம். கலிபோர்னியச் சட்டப்படி, உடையவனோடு நேரே ஒப்பந்தம் செய்தவன் வேலை முடிந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் பற்றுரிமைக் கோரிக்கையைக் கவுண்டிப் பதிவகத்திற் பதிதல் வேண்டும். வேலை முடிந்தது என்னும் அறிவித்தலை உடையவன் தானே பதிந்திருந்தால் அக்காலம் அப்பதிவிலிருந்து 60 நாட்களாகச் சுருங்கும். உடையவனோடு நேரே ஒப்பந்தம் செய்யாத துணை ஒப்பந்தகாரருக்கும் பொருள் வழங்கியோருக்கும் அந்நிலையில் 30 நாட்களே உண்டு. அன்றியும் இவர்கள் வேலை தொடங்கிய, அல்லது பொருள் இறக்கிய 20 நாட்களுக்குள் முன்னறிவித்தல் கொடுத்திருத்தல் அவசியம். தன் வீட்டில் வேலைசெய்யும் மின்தொழிலாளியை அமர்த்தியவர் யார், ஓடு அனுப்பிய கடைக்காரர் யார் என்பதை உடையவன் அறிந்திருந்தாலன்றோ அவர்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா என்று விசாரிப்பான்!

கோரிக்கையில் எழுதவேண்டியவை பல. கிடைத்த பணத்தைக் கழித்தபின் எஞ்சிய தொகை, செய்த வேலை, வேலைக்கு அமர்த்தியவன் பெயர், உடையவன் பெயர், இடத்தின் விவரம் என்பன அவற்றுள் முக்கியமானவை. மனை கைமாறியவிடத்து 'அமர்த்தியவன்' வேறு, 'உடையவன்' வேறு. அமர்த்தியவன் என்னும் இடத்தில் விற்றவன் பெயரையும், உடையவன் என்னும் இடத்தில் பதிவேடு காட்டும் புதியவன் பெயரையும் எழுதுதல் வேண்டும். இதனை அறியாதார் இரண்டிடத்தும் பழையவன் பெயரையே எழுதிவிடுதல் இயல்பு. கோரிக்கையின் பிரதியை உடையவனுக்குச் சேர்ப்பித்தமைக்குச் சான்றும் வேண்டும். சேர்ப்பிக்காத கோரிக்கை வலுவற்றது. ஆகவே பதிவகத்துக்குச் செல்பவன் எழுதத் தொடங்குமுன் அன்றைய நிலையில் மனை எவர் பெயரில் உள்ளது என்று பதிவேட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று.

பதிந்தவுடன் வேலை முடிந்துவிட்டதென்று இருந்துவிடலாகாது. பதிவுக்குப்பின் 90 நாட்களுக்குள் வழக்குத் தொடுத்தல் வேண்டும். தவறினால் பற்றுரிமை வலுவிழக்கும். வழக்குத் தொடுத்த 20 நாட்களுக்குள் வழக்கு நிலுவையில் உள்ளது என்னும் அறிவித்தலையும் பதியவேண்டும். காலவெல்லைகள் ஏன் இத்துணைக் கடுமையாய் உள்ளன என்று மாணவர் வினவலாம். சாதாரணக் கடனுக்கு ஆண்டுக்கணக்கில் அவகாசம் தரும் சட்டம் இங்கே நாட்கணக்கில் அளந்து கொடுக்கின்றது. காரணம் வெளிப்படை. சாதாரணக் கடன் கடன்பட்டவனை மட்டுமே கட்டும். பற்றுரிமையோ கடனைப் பற்றி யாதும் அறியாத அயலான் ஒருவனையும் கட்ட வல்லது. அத்தகைய உரிமை நெடுங்காலம் மறைந்து கிடக்குமாயின் எவனும் துணிந்து மனை வாங்கான்.

வேலை முடிந்து 40ஆம் நாளில் வீடு விற்கப்பட்டது. 70ஆம் நாளில் கூரைக்காரன் கோரிக்கையைப் பதிந்தான் என வைத்துக்கொள்வோம். விற்பனை நடந்த நாளில் பதிவேடு தூய்மையாகவே இருந்தது. புதியவன் கட்டுப்படுவானா? இவ்வொரு வினாவுக்கு அமெரிக்க மாநிலங்கள் ஒருமுகமாக விடையளிக்கவில்லை.

கலிபோர்னியா கட்டுப்படுவான் என்கின்றது. உரிய காலத்துள் பதிந்த பற்றுரிமை, வேலை தொடங்கிய நாளுக்கே பின்னோக்கிச் சென்று முதன்மை பெறும். பதிவேட்டில் எழுத்து இல்லாவிடினும், கூரைமேல் ஆள் ஏறி நின்றதும் முற்றத்தில் ஓடு குவிந்து கிடந்ததும் கண்ணுடையார்க்கு அறிவிப்பே என்பது இதன் கருத்து. புதுக்கூரையைக் கண்டு விலை பேசியவன், இதற்குப் பணம் கொடுபட்டதா என்று ஏன் வினவவில்லை?

இல்லினோய் மாநிலம் இரு கால எல்லைகளை வகுத்துள்ளது. வேலை முடிந்த நான்கு மாதங்களுக்குள் பதிந்தால் அப்பற்றுரிமை வாங்கியவனையும் பிற கடன்காரரையும் கட்டும். நான்கு மாதம் கழிந்தபின், ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் பதிந்தால், வேலை செய்வித்த உடையவனை மட்டும் கட்டும். இடையில் மனை கைமாறிவிட்டால் அதனால் பயனில்லை. செய்த வேலையின் பயனை நுகர்ந்தவனுக்கு எதிராக நீண்ட காலமும், அயலானுக்கு எதிராகக் குறுகிய காலமும் வகுத்த இம்முறை எமக்கு மிகவும் பொருத்தமானதாகத் தோன்றுகின்றது. இருவரையும் ஒரே முழக்கோலால் அளக்காமை அதன் சிறப்பு.

மேரிலாந்தின் விடை வியப்புக்குரியது. இவ்வுரிமை பிறந்த மண்ணிலேயே இன்று அது மிகவும் மெலிந்து நிற்கின்றது. 1976ஆம் ஆண்டில் பரி புரொப்பர்ட்டிஸ் என்னும் வழக்கிலே மேரிலாந்தின் மேன்முறையீட்டு மன்றம், உடையவனை விசாரியாமலே அவனுடைய நிலத்தைக் கட்டுப்படுத்துதல் அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்த்தது. அதன்பின் அங்கே பற்றுரிமை தொழிலாளி பதிவதனால் உண்டாவதில்லை. அவன் 180 நாட்களுக்குள் நீதிமன்றத்தில் மனுச்செய்ய, நீதிமன்றம் கட்டளையிட்ட பின்னரே அது தோன்றும். அக்கட்டளைக்கு முன், உண்மை அறியாது விலைகொடுத்து வாங்கியவனுக்கு உரித்து மாறிவிட்டால் மனை தப்பிவிடும். நம் கூரைக்காரன் மேரிலாந்தினனாயின் 41ஆம் நாளில் அவன் கையில் விற்றவனுடைய விலாசம் ஒன்றே இருக்கும். அதே 1976இல் கலிபோர்னிய உயர்நீதிமன்றம், கொனலி டெவலப்மென்ட் என்னும் வழக்கிலே, இதே எதிர்வாதத்தைக் கேட்டும் தன் மாநிலச் சட்டத்தை நிலைநிறுத்தியது. ஒரே அரசியலமைப்பு, ஒரே ஆண்டு, ஒரே வினா. இரு மன்றங்கள் இரு துருவங்கள். சட்டம் கணிதம் போன்றது என எண்ணும் இளைஞர் இவ்விரு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் படிப்பாராக.

வாங்கியவன் முற்றிலும் கைவிடப்பட்டவன் அல்லன். விற்பனை நிறைவேறுமுன் 'கொடுபடாத வேலைக்கூலி எதுவும் இல்லை' என்று விற்போனிடம் சத்தியக் கடதாசி பெறும் வழக்கம் அந்நாட்டில் உண்டு. அது பொய்யாயின் விற்றவன்மேல் வழக்கிடலாம். உரித்துக் காப்புறுதி என்னும் ஏற்பாடும் அங்கே பரவியுள்ளது. 1868இல் பென்சில்வேனியாவில், பதிவேட்டைத் தேடியவர் பழைய கட்டுப்பாடு ஒன்று செல்லாதெனக் கருதி விட்டுவிட, வாங்கியவன் நட்டமுற்றான். ஆயினும் தேடியவர்மேற் பழியில்லை என நீதிமன்றம் தீர்த்தது. தேடுவோரின் கவனத்தை மட்டும் நம்பியிருத்தல் போதாதென்று கண்டு 1876இல் பிலடெல்பியாவில் முதலாவது உரித்துக் காப்புறுதிக் கொம்பனி தோன்றிற்று. கூலியின் அளவைப்பற்றி வழக்கிருக்குமாயின், கலிபோர்னியாவில் கோரிய தொகையின் 125 வீதத்துக்குப் பிணைமுறி பதிந்து மனையை விடுவிக்கலாம். 12,000 டொலர்க் கோரிக்கைக்கு 15,000 டொலர்ப் பிணைமுறி. அதன்பின் தொழிலாளியின் பிடி மனையை விட்டுப் பிணைமுறிக்கு மாறும்.

அரசாங்கக் கட்டடங்களுக்கு இவையெதுவும் பொருந்தா. பாடசாலையையோ பாலத்தையோ ஏலத்தில் விற்றுக் கூலி கொடுத்தல் யாண்டும் இல்லை. அதற்கு ஈடாக, அமெரிக்க நடுவரசின் கட்டட ஒப்பந்தகாரர் தம் தொழிலாளருக்கும் பொருள் வழங்குவோருக்கும் பணம் சேரும் என்பதற்குப் பிணைமுறி கொடுக்கவேண்டும் என 1935ஆம் ஆண்டின் மில்லர் சட்டம் விதித்தது.

இனி நம் நாட்டை நோக்குவோம். இலங்கையில் அமெரிக்க முறையான, பதிவினால் நிலைபெறும் தொழிலாளர் பற்றுரிமைச் சட்டம் இல்லை. நமது பொதுச்சட்டம் உரோம ஒல்லாந்துச் சட்டமாதலின், அதிலுள்ள தடுத்துவைக்கும் உரிமையே இங்கு இதற்கு நெருங்கிய உறவு. தன்னுடைய காணி என உண்மையாகவே நம்பி அதில் வீடு கட்டியவன்மேல் மெய்யான உடையவன் வழக்கிட்டு வென்றாலும், அவன் தான் செய்த அவசியமானதும் பயனுள்ளதுமான செலவுக்கு நட்டஈடு பெறும்வரை அங்கேயே தங்கியிருக்கலாம். இவ்வுரிமையும் நிலத்தைப் பற்றியது. காணி மூன்றாம் ஆளுக்கு விற்கப்பட்டாலும், தங்கியிருப்பவன் தங்கியிருப்பவனே.

இச்சட்டத்தின் மறுகிளை தென்னாபிரிக்காவிலே வளர்ந்தது. கட்டடக்காரன் எழுப்பிய கட்டடத்தின்மேல் அவனுக்குள்ள உரிமை, அதனால் நிலத்தின் பெறுமதி உயர்ந்த அளவுக்கு, முன்னரே ஈடு பெற்றவனுடைய உரிமையையும் வெல்லும் என 1906இல் டிரான்ஸ்வால் நீதிமன்றம் தீர்த்தது. அதனால் அங்குக் கடன் கொடுக்கும் வங்கிகள், கட்டடக்காரன் இவ்வுரிமையைத் துறந்து எழுதிக்கொடுத்தாலன்றிப் பணம் விடுவிக்கத் தயங்குகின்றன. அவ்வாறு துறவாதவன் வேலைத்தளத்தை அடைத்துக் காவல் இட்டுப் பலகையும் நாட்டித் தன் பிடியை உலகறியக் காட்டுவான். அமெரிக்கனுக்குப் பதிவேடு செய்யும் வேலையை ஆபிரிக்கனுக்கு அவ்வேலியும் பலகையும் செய்கின்றன. இரண்டும் அறிவிப்பே.

ஆனால் இம்முறையின் குறையும் அவ்வேலியிலேயே உள்ளது. புது வீட்டை முழுமையாக ஒப்புக்கொண்டு தளத்தைத் தன் வசம் வைத்திருக்கும் பெரிய ஒப்பந்தகாரனுக்கே அது உதவும். குடியிருக்கும் வீட்டில் ஓடு மாற்ற வந்த மேசனும் கதவு பொருத்த வந்த தச்சனும் வீட்டைத் தம் வசம் எடுத்தவர் ஆகார். உடையவன் உள்ளே தேநீர் அருந்திக்கொண்டிருக்க, இவர்கள் முற்றத்தில் வேலை செய்கிறார்கள். தடுத்துவைக்க இவர்கள் கையில் எதுவும் இல்லை. வாடகைக்கு இருந்தோர் நிலையும் கடினமே. ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய அதே 1658ஆம் ஆண்டில், ஒல்லாந்து நாட்டிலே குத்தகைக்காரர் கட்டடம் எழுப்பிவிட்டு நிலத்தை விடாது பிடித்திருந்த வழக்கத்தைத் தடுக்க ஒரு கட்டளை பிறந்தது. முதலில் வெளியேறுக, பின்னர் நட்டஈடு கேட்க என்பது அதன் சாரம்.

ஆகவே நம் நாட்டு மேசன், தன்னை அமர்த்தியவன் வீட்டை விற்றுவிட்டவிடத்து, வாங்கியவனை நாட இயலாதவனாகவே பெரும்பாலும் நிற்கின்றான். காணிப் பதிவேட்டில் உறுதிகளும் ஈடுகளும் பதியப்படும். கொடுபடாத கூலி பதியப்படுவதில்லை. கடன்காரரை ஏய்க்கும் நோக்கத்தோடு விற்பனை நடந்தது என்று நிறுவினால் அதனை நீக்குவிக்கும் வழக்கொன்று உரோம ஒல்லாந்துச் சட்டத்தில் உண்டு. விலைகொடுத்து வாங்கியவனும் அச்சூழ்ச்சிக்கு உடந்தை என்று காட்டவேண்டுமாதலின் அவ்வழி கரடுமுரடானது. தந்தை மகனுக்கு நன்கொடையாக எழுதிய இடங்களில் அது சற்று எளிதாகலாம்.

முன்கூட்டியே காத்துக்கொள்ளும் வழியும் இல்லாமலில்லை. பெருந்தொகையான வேலையாயின் நொத்தாரிசு முன்னிலையில் காணியை ஈடாக எழுதுவித்துப் பதியலாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணியைக் கட்டும் எழுத்து நொத்தாரிசினால் அத்தாட்சிப்படுத்தப்படாவிடின் வலுவற்றது. சமையலறைக்குச் சீமெந்து பூசவந்தவன் ஈட்டுறுதி கேட்டால் வேறொருவனை அழைப்பார்கள் என்பது எவரும் அறிந்ததே. அவனுக்கு ஏற்றது படிமுறைக் கொடுப்பனவு. அத்திவாரத்துக்கு இவ்வளவு, சுவருக்கு இவ்வளவு, கூரைக்கு இவ்வளவு என்று முன்னரே பேசிக்கொண்டு, ஒருபடிப் பணம் வராதவிடத்து மறுபடி ஏறாதிருத்தல்.

காலவெல்லையைப் பற்றியும் சொல்லவேண்டும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம் எழுத்தில் அமைந்த ஒப்பந்தத்துக்கு ஆறு ஆண்டும், எழுத்தில்லா ஒப்பந்தத்துக்குப் பொதுவாக மூன்று ஆண்டும் தருகின்றது. செய்த வேலைக்கும் கைவினைஞர் கூலிக்கும் தொழிலாளர் கூலிக்குமோ ஓராண்டு மட்டுமே! பெருவணிகனுடைய முறி ஆறாண்டு உயிர்வாழ, தச்சன் கூலி ஓராண்டில் மடிகின்றது. வீடு விற்றவன் கொழும்புக்கோ கடல்கடந்தோ சென்று, 'வருகிற தைப்பொங்கலுக்கு வரும்போது தருகிறேன்' என்று சொல்லியனுப்பும் வாய்ச்சொல் அவ்வோராண்டை நீட்டாது. தொகையைக் குறித்து அவன் கையொப்பமிட்ட ஒரு கடதாசித்துண்டு நீட்டும். அக்கடதாசியும் அவனைக் கட்டுமேயன்றி வீட்டை வாங்கியவனைக் கட்டாது.